சுலைகாவின் கையும் என் வெள்ளை அணுக்களும்

என் மனைவி சுலைகா தன் கை தப்பு செய்ததாக ஒருநாளும் ஒப்புக்கொண்டவள் இல்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டால், இப்போதெல்லாம் உப்பு ரொம்பக் கரிப்பாக வருகிறது என்பாள். பீங்கான் தட்டு உடைந்தால் தட்டின் ஆயுசு முடிந்துவிட்டது என்பாள். நிக்காஹ் ஆன புதிதில் என் புதுச் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி அப்படியே பதிந்து கருகியது. "மச்சான், இது அசல் காட்டன் இல்ல. கடைக்காரன் ஒங்கள நல்லா ஏமாத்திருக்கான்" என்றாள். நான் சட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். பாதி வழி திரும்பி வந்த பிறகுதான் யாரிடம் சண்டை போட்டிருக்க வேண்டும் என்று உறைத்தது. அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்வாள்.

என் பெயர் ஹமீது. தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானா வைத்திருக்கிறேன். கீழே வேலை, மேலே வீடு. கோபக்காரன் என்று சந்தில் எனக்குப் பெயர் உண்டு. அதை மறுத்து யாரிடமாவது சண்டை போடலாம் என்றால் அதுவும் அவர்களுக்கே சாதகமாகப் போய்விடும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்ததால் இதை எழுதுகிறேன். சுலைகா பத்தோடு நிற்கவில்லை. அவள் என் மாமா ஜெயினுலாப்தீனின் மகள், இதே சந்தில் பிறந்தவள். மாமா கடையநல்லூரிலிருந்து வந்து தோல் துண்டு வியாபாரம் செய்தவர். மகள் படித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று அவளைச் செம்பூர் கல்லூரிக்கு அனுப்பினார்.

படித்து முடித்ததும் மாட்டுங்காவில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் அவள் கைக்குப் பெயர் வந்தது. நரம்பே தெரியாத கிழவிகள்கூட, "அந்தத் தாராவிப் பொண்ணு இருக்காளா? அவ குத்தினா குத்தினதே தெரியாது" என்று அவளுக்காகக் காத்திருப்பார்களாம். அப்படிக் காத்திருந்த ஒரு அம்மாளின் மகள் டாக்டர் ஸ்ரீலேகா. டிராம்பே பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. தன் அம்மாவுக்கு வலிக்காமல் ஊசி போட்ட கை தன் கூடத்துக்கு வேண்டும் என்று அவரே கூப்பிட்டு ஒப்பந்த வேலை கொடுத்தார்.

சேர்ந்த முதல் நாள் ஸ்ரீலேகா மேடம், "ஒங்காத்துல பெயின்ட் அடிக்கறாளா, சுலைகா?" என்று கேட்டிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பெருநாளைக்குப் பெருநாள் வெள்ளையடிப்பதோடு சரி, நாங்கள் பெயின்ட் அடித்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது. பெரிய படிப்பு படித்தவர்கள் இப்படித்தான் ஏதாவது கேட்பார்கள் என்று இரண்டு பேரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. செல்கள் எப்படிச் சாகின்றன என்று பார்க்கிறேன் என்றாள். இதற்கெல்லாமா சம்பளம் என்றேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, நான் தைத்து முடித்த ஒரு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விளக்கினாள்.

"ஒரு செல்லோட தோலு ரெண்டு அடுக்கு, மச்சான். இந்தப் பை மாதிரின்னு வச்சுக்கிடுங்க. வெளிய தோலு, உள்ள அஸ்தர்." துணி லைனிங்கை நாங்கள் பம்பாய் வழக்கப்படி அஸ்தர் என்போம். "உள்பக்கம் மட்டுமே இருக்க வேண்டிய ஒரு கொழுப்பு உண்டு. அது தப்பித் தவறி வெளிய வந்துட்டா, திருப்பி எடுத்து உள்ள போடுறதுக்குன்னே அந்தத் தோல்ல ஒரு ஆள் நிக்கும். உசுரோட இருக்குற வரைக்கும் ராப்பகலா அதான் அதுக்கு வேல."

"அதுக்குச் சம்பளம் யாரு குடுக்கா?"

"செல்லே தன் சக்தியச் செலவழிச்சுக் குடுக்குது. பழசாயிருச்சு, பழுதாயிருச்சு, இனிமே தேவையில்லன்னு ஆயிட்டா, செல்லு தானா கெளம்ப முடிவெடுக்கும். அப்ப அந்த ஆள வேலைய விட்டு நிப்பாட்டிரும். உள்ள இருந்தது வெளிய, வெளிய இருந்தது உள்ள, எல்லாம் கலந்துரும். அஸ்தர் வெளிய தெரிஞ்சா, நான் கெளம்பிட்டேன், வந்து எடுத்துக்கிடுங்கன்னு அர்த்தம். பக்கத்துல இருக்குற தின்னிச் செல்லு வந்து சத்தமில்லாம முழுங்கிரும்."

அந்தக் கொழுப்புக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அன்றிலிருந்து அஸ்தர்தான்.

அஸ்தர் வெளியே வந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து இரண்டு சாயம் சேர்ப்பாள். ஒன்று பச்சையாக மின்னும். அது அந்தக் கொழுப்பில் மட்டும் ஒட்டும். கொழுப்பு உள்ளே அடங்கியிருந்தால் பச்சைக்கு ஒட்ட இடமில்லை. இன்னொன்று சிவப்பு, அது தோல் கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழையும். பச்சை மட்டும் தெரிந்தால் செல் கிளம்பத் தயாராகிவிட்டது, இரண்டும் தெரிந்தால் கதை முடிந்தது. ஒரு மிஷின் செல்களை ஒற்றை வரிசையில் லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும்.

இதில் கைதான் எல்லாம். ரத்தத்தை வேகமாகச் சுழற்றிவிட்டாலோ, சூட்டில் வைத்துவிட்டாலோ, குழாயில் முரட்டுத்தனமாக உறிஞ்சிவிட்டாலோ, நல்ல செல்லும் பயந்துபோய் அஸ்தரை வெளியே காட்டிவிடுமாம். சுலைகா குழாயைப் பிடிப்பதைப் பார்த்தால் பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள் என்று தோன்றும். என் சட்டைகளையும் அப்படிப் பிடித்திருக்கலாம்.

அப்போது கூடத்தில் நடந்துகொண்டிருந்தது, இளவயது ஆண்களுக்கு முதுகெலும்பு இறுகிப்போகும் ஒரு நோயைப் பற்றிய ஆராய்ச்சி. அந்த நோயாளிகளின் வெள்ளை அணுக்கள் அதிகமாகக் கிளம்பிப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒப்பிட, நோயில்லாத ஆண்களின் ரத்தமும் வேண்டும். கூடத்து ஆட்களில் பாதிப் பேர் ஊசி என்றாலே ஓடினார்கள், மீதிப் பேர் லீவில் இருந்தார்கள். சுலைகா பெருமையாகச் சொன்னாளாம்: "மேடம், எங்க கார்கானாவுல எல்லாம் இரும்பு மாதிரி ஆளுங்க. கூட்டிட்டு வாரேன்."

நாங்கள் போனோம். நான், என் கார்கானாவின் மூத்த ஆள் பூதத்தான், இன்னும் சில பையன்கள். பூதத்தான் நாங்குநேரிக்காரன், தோல் கட்டை ஒற்றை ஆளாகத் தூக்கி மாடி ஏறுவான். ஊசியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு, "மதினி, முடிஞ்சா சொல்லுங்க" என்றான். அது முடிந்து பஞ்சும் வைத்தாகிவிட்டிருந்தது. அங்கே ஒரு டாக்டர் எங்களைச் சோதித்தார். சிகரெட் உண்டா, குடி உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்டார். எதைச் சுவாசிக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காற்றைத்தான் என்று சொல்லியிருப்போம்.

ஏனென்றால் எங்கள் சந்தில் அதற்கு வாசனை என்று ஒன்று கிடையாது. நான் சொல்வது சொல்யூஷனை. தோலையும் அஸ்தரையும் ஒட்டுகிற பசைக்கு இங்கே சொல்யூஷன் என்று பெயர். டின்னைத் திறந்து, பிரஷ்ஷால் விளிம்பில் தடவி, லேசாகக் காயவிட்டு மடித்துத் தட்ட வேண்டும். விளிம்பு மடிப்பதற்கு மட்டும் நான் யாரையும் நம்புவதில்லை, நானேதான் மூலையில் உட்கார்ந்து ஒட்டுவேன். பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைப்பேன். திறந்தால் தூசி வந்து ஈரப் பசையில் உட்கார்ந்துவிடும். வெளியாள் யாராவது உள்ளே வந்தால் மூக்கைப் பொத்துவார்கள். பணக்காரத் திமிர் என்று நினைத்துக்கொள்வேன். சுலைகாவும் அந்தக் காற்றில் பிறந்து வளர்ந்தவள்தானே, அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

கொஞ்ச நாளில் அவள் முகம் வாடத் தொடங்கியது. நோயாளிகளின் ரத்தத்தில் பச்சைப் புள்ளிகள் நிறைய வந்தன. நோயில்லாத எங்கள் ரத்தத்திலும் அதே அளவு வந்தன. அப்படியானால் நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடலாம், அல்லது எல்லாக் குழாய்களையும் தொட்ட கை சரியில்லை. கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர் இரண்டாவதைச் சொன்னார். டெக்னீஷியன் கையில் கோளாறு, ஒப்பந்தம் முடிகிறபோது வேறு ஆளைப் பாருங்கள் என்றாராம்.

அன்று வீட்டில் மீன் குழம்பில் உப்பே இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். அவளும் சாப்பிட்டாள், உப்பைக் குறை சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"என்னதான் நடந்துச்சு, சொல்லேன் புள்ள."

"என் கை தப்புங்காங்க, மச்சான்."

"யாருலே அவன்? நான் வந்து பேசுதேன்."

"நீங்க வந்து பேசுனா இருக்குற வேலையும் போயிரும். என் கை சரின்னு நானே காட்டிக்கிடுதேன்."

அவள் கேட்டது ஒன்றுதான். வேறு இடத்து ஆட்கள், எங்கள் ஆட்கள், இரண்டு கூட்டத்தின் ரத்தமும் ஒரே நாளில், ஒரே கையால் ஆக வேண்டும். எது யாருடையது என்று அவளுக்குத் தெரியக் கூடாது. ஸ்ரீலேகா மேடம் ஒத்துக்கொண்டார். தன் தம்பி நகுலையும் அவனோடு மாட்டுங்காவில் பேட்மின்டன் ஆடும் சிநேகிதர்களையும் வரச் சொன்னார். நாங்களும் மறுபடி போனோம். ரத்தம் எடுத்தது வேறு ஒருவர். மேடம் குழாய்களில் பெயருக்குப் பதில் எண் ஒட்டி, எந்த எண் யாருடையது என்று எழுதிய சீட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் நகுல். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே மூக்கை உறிஞ்சி, "இங்க எங்கயோ பெயின்ட் அடிக்கறா போலிருக்கே அண்ணா?" என்றான். இந்தக் குடும்பத்துக்கே பெயின்ட் பைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் சுலைகா வேலையிலிருந்து வந்தவள் மாடி ஏறவில்லை. நேரே கார்கானாவுக்குள் வந்து என் மூலைக்கு எதிரே நின்றாள். நான் ஒரு கைப்பிடிக்குச் சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தேன். அவள் எட்டி ஜன்னலைத் திறந்தாள்.

"ஏ, தூசி வரும்! மூடு!"

"என் கை நல்லாத்தான் இருக்காம், மச்சான்."

நான் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு எழுந்தேன். "அல்ஹம்துலில்லாஹ்! பூதத்தான், ஜிலேபி வாங்கிட்டு வாடே! எனக்கு அப்பமே தெரியும்."

"மதினி கைய யாரு குத்தம் சொல்லுவா?" என்று பூதத்தான் செருப்பை மாட்டினான். அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"மாட்டுங்கா ஆளுங்களுக்குப் பச்சையே ரொம்பக் கம்மி. நோயாளிகளுக்கு எம்புட்டு வந்துச்சோ, நம்ம ஆளுங்களுக்கு அம்புட்டு இருக்கு" என்றாள். "கை ஒண்ணுதான். ரத்தந்தான் வேற. இந்தச் சொல்யூஷனா இருக்குமோன்னு மேடம் சந்தேகப்படுதாங்க."

"யாருக்கு மதினி ரொம்ப?" என்று பூதத்தான் கேட்டான்.

சுலைகா எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள், என்னை மட்டும் பார்க்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் கார்கானாவுக்குள் வந்து, என் ஆட்கள் முன்னால், என் பசையைக் குறை சொல்கிறாள். எங்க வாப்பா ஆயுசு முழுக்க இதே சொல்யூஷனோடுதான் உட்கார்ந்திருந்தார் என்று கத்தினேன். வாப்பா சீக்கிரம் போனது மாரடைப்பில், அதையும் இதையும் முடிச்சுப் போடாதே என்றும் கத்தினேன். வாப்பாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. முடிச்சைப் போட்டதும் நான், அவிழ்த்ததும் நான். ஜன்னலை அடித்துச் சாத்தினேன். ஜிலேபி யாரும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஜன்னல் யுத்தம் நடந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவள் திறப்பாள். அவள் சந்து முனை திரும்பியதும் நான் சாத்துவேன். சாயங்காலம் வந்து மறுபடி திறப்பாள். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பூதத்தான் மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டு, "பாய், கொஞ்சமா தெறந்து கொஞ்சமா மூடுனா என்ன?" என்று பார்த்தான். நீ வாயை மூடு என்றேன். சுலைகா முன்னைப்போலச் சண்டைக்கு வராததுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது. அவள் பதிலுக்குக் கத்தினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். இது என்ன புதுப் பழக்கம்?

ஒருநாள் பொறுக்க முடியாமல் கார்கானாவைப் பூதத்தானிடம் விட்டுவிட்டுச் சயானில் பஸ் ஏறி, செம்பூரில் மாறி, டிராம்பே போனேன். ஸ்ரீலேகா மேடத்திடம் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவு. வழியெல்லாம் வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சுலைகா அப்போது வேறு கட்டடத்தில் வேலையாக இருந்தாள்.

"காலி பீலி சும்மா எதுக்கு எங்களப் பயமுறுத்துதீங்க?" என்று ஆரம்பித்தேன்.

"உக்காருங்கோ" என்றார் மேடம். "பயமுறுத்தறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லே. இத்தனை கொஞ்சம் பேரை வெச்சுண்டு, பசைதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வேற ஏதாவதாவும் இருக்கலாம். நீங்க நோயாளின்னும் நான் சொல்லலே. ஆனா ஒங்களை நோயில்லாதவா பக்கத்துல வெச்சு எண்ண முடியாது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் வேற ஆள் வெச்சுப் பாத்தா, நோயாளிகளோட வித்தியாசம் பளிச்சுன்னு தெரியறது."

என் வசனத்தில் பாதிக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. மேடம் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி ஒரு வீடியோவைப் போட்டார். சாகிற செல் எப்படி இருக்கும் என்று நீங்களே பாருங்கோ என்றார்.

திரையில் ஒரு வட்டம். முதலில் சும்மா கிடந்தது. பிறகு கொஞ்சம் சுருங்கியது. அதன் தோலில் அங்கங்கே குமிழ் கிளம்பியது, அடங்கியது, வேறு இடத்தில் கிளம்பியது. அடுப்பில் கஞ்சி கொதிக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வட்டம் முழுவதும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்துவிட்டது. ஒவ்வொரு பொட்டலத்தையும் அதே தோல் மூடியிருந்தது. பக்கத்துச் செல் ஒன்று நகர்ந்து வந்து அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது.

"உள்ள இருக்கறதை வெளில கொட்டாம போறது, பாருங்கோ. கொட்டிடுத்துன்னா அக்கம்பக்கமெல்லாம் வீங்கிப் புண்ணாயிடும்" என்றார்.

எங்கள் சந்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாலே மூன்று வீட்டுச் சண்டை வரும். கண்ணுக்கே தெரியாத ஒன்று இத்தனை மரியாதையாகப் போகிறதே என்று எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இது என்னோடதா?"

"இல்லே இல்லே. இது பழைய வீடியோ." மேடம் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவ சொல்லியிருக்க மாட்டா" என்றார். "அன்னிக்குச் சீட்டைப் பிரிச்சு எண்ணையும் பேரையும் சேர்த்துப் பாத்தோம். எனக்கு ஒரே சந்தோஷம். 'சுலைகா, ஒன் கை மேல ஒரு தப்பும் இல்லே'ன்னேன். அவ நாற்காலில அப்படியே உக்காந்துட்டா. 'மேடம், இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கலாம். என் கைதான் தப்பு. நான்தான் வேகமாச் சுத்திட்டேன், நான்தான் சூட்டுல வெச்சுட்டேன்'னு ஒரே அழுகை. வேலை போயிடும்டின்னேன். போகட்டும்னா."

"தன் கை தப்புன்னு சுலைகா சொன்னாளா?"

"ஆமாம்."

"அவ வாயால?"

"அவ வாயாலதான். அவளுக்காக மிச்சம் இருந்த ரத்தத்தை நானே என் கையால போட்டுப் பாத்தேன். அதேதான் வந்தது."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். உப்பையும் தட்டையும் என் சட்டையையும் குற்றவாளியாக்கியவள். அந்தக் கைதான் அவளுடைய வேலை, பேர், எல்லாமே. எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கையையே தப்பு என்று சொல்லி அழுதிருக்கிறாள். நான் அவளோடு ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என் சுலைகாவை நினைத்து அன்று பஸ்ஸில் அழுதேன், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்குரூ டிரைவரை எடுத்து அந்த ஜன்னல் கதவை மொத்தமாகக் கழற்றினேன். பூதத்தான் வாயைப் பிளந்து பார்த்தான். சாயங்காலம் சுலைகா ஜன்னலைத் திறக்கக் கையை நீட்டினாள். திறக்க அங்கே ஒன்றும் இல்லை. வெறும் ஓட்டையில் கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கதவு எங்க?"

"அதுக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு" என்றேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. ஒட்டுகிற வேலையை மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே கொண்டுபோனோம். கீழே காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி மாட்டினேன். அஸ்தர் ஒட்டுவதற்குத் தண்ணீரில் கரையும் பசை வாங்கினேன். அது மழைக்காலத்தில் காய்வதற்குள் பொறுமை போய்விடும், அதைத் திட்டாத நாளில்லை. கைப்பிடிக்கு இன்னும் சொல்யூஷன்தான், ஆனால் திறந்த வெளியில். முகமூடி போடச் சொன்னால் பூதத்தான் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, போட்டுத்தானே இருக்கேன் மதினி என்பான். கூடத்தில் சுலைகாவின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். நோயில்லாதவர்கள் பக்கத்துக்கு இப்போது முலுண்டிலிருந்து ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள்.

சில மாதம் கழித்து மேடம் சொன்னதால் எங்களை மறுபடி ஒருமுறை பார்த்தார்கள். பச்சை குறைந்திருந்தது, மாட்டுங்கா அளவுக்கு இல்லை, ஆனால் குறைந்திருந்தது. நான் துள்ளினேன். சுலைகா சிரிக்கக்கூட இல்லை. "ஒரு வாட்டி பாத்துட்டு நம்பக் கூடாது, மச்சான். இன்னொரு வாட்டி வரட்டும்" என்றாள். ராத்திரி நான் தூங்கும்போது என் மூச்சைக் கவனித்துக்கொண்டு கிடப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. எனக்குத் தெரியும், தூங்குகிற மாதிரி கிடப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழே பலகைக்கு அடியில் ஒரு பழைய டின்னைத் தேடினேன். அங்கே ஒட்டும் வேலை நின்றதிலிருந்து யாரும் தொடாமல் கிடந்தது. மூடியை நெம்பித் திறந்ததும் ஏதோ ஒன்று மண்டையில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருமிக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். சத்தம் கேட்டு பூதத்தான் உள்ளே வந்து மூக்கைப் பொத்தினான்.

"என்ன பாய், எலி கிலி செத்துக் கெடக்கா? முன்னாடி இப்பிடி நாறவே நாறாதே?"

நான் படிக்கட்டைப் பார்த்துக் கத்தினேன். "சுலைகா! ஏ சுலைகா! எறங்கி வா!"

அவள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "என்ன மச்சான், என்ன செய்யுது?"

"நாறுது, சுலைகா."

அவள் குனிந்து டின்னின் மேல் முகத்தைக் கொண்டுபோனாள், சடாரென்று பின்வாங்கினாள்.

"ஆமா மச்சான்" என்றாள். "நாறுது. யா அல்லா, எப்படி நாறுது!" சொல்லிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அழுததை மாவுக் கையால் துடைத்து முகமெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டாள். மிஷின் சொன்னதற்குச் சிரிக்காதவள், என் மூக்கு சொன்னதை நம்பிவிட்டாள். பூதத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் டின்னை மூடி வெளியே தூக்கிக்கொண்டு போனான்.

அப்போது மேலேயிருந்து கருகல் வாசனை வந்தது. அதையும் முதலில் பிடித்தது என் மூக்குதான். இருவரும் ஓடினோம். தோசைக்கல்லில் ரொட்டி கரிக்கட்டையாகக் கிடந்தது. சுலைகா அதை இடுக்கியால் எடுத்து, என்னை ஓரக்கண்ணால் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"இப்ப வாற மாவே சரியில்ல, சுலைகா" என்றேன்.